பதினான்கு மாதத்துக் கரி

ஆயில் அளக்கும் கம்பியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்த்தேன். இருக்க வேண்டிய கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே ஆயில் நின்றது. பக்கத்தில் நின்றிருந்த ஆர்விட்டுக்கு முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா வாண்டா, பதினாலு மாசமா ஒரு சொட்டுக் குறையல. டாரின் இஞ்சின அப்படி வச்சிருந்தான்."

கம்பியின் நுனியை மூக்கருகே கொண்டுபோனேன். டீசல் நாற்றம் அடித்தது. ஆயில் குறையவில்லை என்பது சரி, கூடியிருந்தது. சைலன்சருக்குள் சேர்ந்த கரியை எரிக்க வண்டி தானாகவே முயன்றிருக்கிறது. அதற்காகக் கூடுதலாக டீசலைப் பீய்ச்சி, எரிக்க முடியாமல் தோற்று, அந்த டீசல் வழிந்து கீழே ஆயிலோடு கலந்திருந்தது. ஒருமுறை இருமுறை இல்லை, பல நூறு முறை தோற்றிருக்க வேண்டும். இதை அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கம்பியைத் துடைத்துக்கொண்டே நின்றேன். வாண்டாவுக்கு வாய் நீளம் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். ஐம்பத்திரண்டு வயதில் டீசல் பட்டறை நடத்துகிற பெண்ணுக்கு வாய் நீளமாக இல்லாவிட்டால் பிழைக்க முடியாது. ஆனால் அன்றைக்கு வாய் வரவில்லை.

ஏப்ரல் கடைசி. அமெரிக்காவின் டகோட்டாவில் எங்கள் பக்கம் பனி உருகி முற்றமெல்லாம் சேறாகக் கிடந்தது. ஆர்விட்டின் இயந்திரக் கொட்டகையில் கதிர் அறுக்கும் இயந்திரத்துக்கும் விதைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே அந்தச் சாம்பல் நிறப் பிக்கப் வண்டி மட்டும் கழுவித் துடைத்துப் பளிச்சென்று நின்றது. நம்பர் தகட்டில் இந்த வருஷத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எங்கேயும் போகாத வண்டிக்கு வரியும் கட்டியிருக்கிறார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க, கேப்போம்" என்றேன்.

ஆர்விட் கதவைத் திறந்து ஏறினார். எழுபத்தொரு வயது, குள்ளமான உடம்பு. சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தபோது கால்கள் பெடலுக்கு எட்டாமல் தொங்கின. அப்புறம் மெதுவாகச் சீட்டின் விளிம்புக்கு நழுவி வந்து, கால் நுனியால் பிரேக்கை அமுக்கி, பொத்தானைத் தட்டினார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. உடனே உள்ளே மணி அடித்து, புகைவழி ஃபில்டர் நிரம்பிவிட்டது என்ற மஞ்சள் எழுத்து முன்னால் ஒளிர்ந்தது.

"சீட்ட முன்னால இழுத்துக்கலாமே" என்றேன், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரின் வயரைச் செருகிக்கொண்டே.

அவர் முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஸ்கேனரில் எண்கள் வந்தன. வண்டி மொத்தம் ஓடிய மைல் எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. அதே எண். போன வருஷம் பிப்ரவரியில் என் இழுவை ரசீதில் என் கையாலேயே எழுதிய எண். இந்த வண்டியை இந்தக் கொட்டகைக்கு என் இழுவை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவளே நான்தான். ஆர்விட்டின் மகன் டாரின் தன் கடைசி நாளில் வேலைக்குப் போகும்போது வண்டியை எண்ணெய்க் கம்பெனி நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, மற்ற ஆட்களோடு கம்பெனி வேனில் போனான். பனிச் சறுக்கலில் வேன் தானிய லாரிக்குள் போய்விட்டது. அவனுக்கு முப்பத்தொரு வயது. நான்கு நாள் கழித்து ஆர்விட் போன் செய்து, வண்டியைக் கொண்டுவந்து தர முடியுமா என்று கேட்டார். ஓட்டிக்கொண்டு வரட்டுமா என்றதற்கு, வேண்டாம், அப்படியே தூக்கிக்கொண்டு வா என்றார். துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, கொக்கி மாட்டி இழுத்து ஏற்றி, இங்கே இறக்கிவிட்டுப் போனேன். அதற்குப் பிறகு அது ஓர் அடி நகரவில்லை. ஆனால் இஞ்சின் ஓடிய கணக்கு வேறாக இருந்தது. நின்ற இடத்திலேயே இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம்.

"தெனமும் ஓட விடுறீங்களா?"

"காலைல. அர மணி நேரம். சும்மா போட்டா சீலு காஞ்சிடும், பேட்டரி எறங்கிடும். டீசல் இஞ்சின்னா மூச்சு விட்டுக்கிட்டே இருக்கணும்." அப்புறம், நான் ஏதோ குறை சொல்லப் போகிறேன் என்று தெரிந்தவர் போல, "உங்கப்பன் இருந்திருந்தா இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் இல்லாம சுத்தியலால நாலு தட்டு தட்டிச் சரி பண்ணியிருப்பான்" என்றார்.

"எங்கப்பா காலத்து இஞ்சினுக்கு மூளை கெடையாது. ரிப்பேர் பாக்குறவருக்கும் அது தேவைப்படல."

அவர் சிரித்தார். சிரித்தது கொஞ்ச நேரம்தான்.

அவர் சொன்னதில் தப்பில்லை, முப்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் டீசல் வண்டியை யாரும் அணைப்பதில்லை. காபிக் கடை வாசலில், தேவாலய வாசலில், ஆளே இல்லாமல் பத்து வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரியில் ஒருமுறை அணைத்தால் மறுபடி எழுப்புவது யாருடைய பாடு? அப்படி வளர்ந்தவர்கள் நாங்கள். ஓடிக்கொண்டே இருப்பது வண்டிக்கு நல்லது என்று ரத்தத்தில் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் இந்தக் காலத்து வண்டிகள் வேறு. புகையில் வரும் கரியை வெளியே விடாமல் பிடித்து வைக்க, தேன்கூடு மாதிரிக் கண் கண்ணாக ஒரு பீங்கான் உருளையைச் சைலன்சரில் வைத்திருக்கிறார்கள். நெடுஞ்சாலையில் வேகமாக ஓடும்போது அது ஆயிரத்து நூறு டிகிரி ஃபாரன்ஹீட்வரை சூடேறி, பிடித்த கரியைத் தானே எரித்துவிடும். நின்ற இடத்தில் ஓடினால் சூடேறாது. கரி மட்டும் சேர்ந்துகொண்டே போகும். பின்னால் போய்க் குழாய் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தேன். விரல் சுத்தமாக வந்தது. வெளியே ஒரு துளி விடாமல் பதினான்கு மாதத்துக் கரியையும் வண்டி உள்ளேயே வைத்திருந்தது. நன்றாக இருக்கட்டும் என்று தினமும் காலையில் அவர் செய்த காரியம்தான் அதை அடைத்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. ஆர்விட் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"நானா அடச்சேன்?"

"தெரிஞ்சா செஞ்சீங்க?"

"இப்படியே விட்டா?"

"இன்னும் ரெண்டு மூணு வாரம். அப்புறம் ஸ்டார்ட்டே ஆகாது. அதுவே ஓட விடாது."

அவர் கொட்டகை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அத வெட்டிப் போட்டுடு வாண்டா. நேர் குழாயா வச்சுடு. எல்லாரும் அதத்தான பண்றாங்க" என்றார்.

எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். செய்துகொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. ஃபில்டரை அறுத்து எடுத்துவிட்டு வெறும் குழாயை வைத்து, கம்ப்யூட்டரிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொய் சொல்ல வைப்பது ஒரு பகல் வேலை. அது மாசுச் சட்டப்படி குற்றம் என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இனி ஒரு வண்டியை வெட்டினால் பட்டறையே கிடையாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டவள் நான்; எங்கப்பா கட்டிய பட்டறை. அந்தக் காலத்தில் என்னிடம் வந்த இளவட்டங்களில் டாரின் ஒருவன்தான் வெட்டச் சொல்லிக் கேட்காதவன். கூட வந்தவர்கள் கரும்புகையைக் கக்கிக்கொண்டு போவதை வேடிக்கை பார்ப்பான். ஏன்டா உனக்கு வேண்டாமா என்று நானே கேட்டிருக்கிறேன். "நான் ஓட்டுற ஓட்டத்துக்கு அது தானா எரிஞ்சிடும்" என்றான். அந்த ஞாபகம் அப்போது வந்திருக்க வேண்டாம்.

"முடியாது ஆர்விட். கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"வேற ஆள் இருக்காங்க."

"இருக்காங்க" என்றேன், ஆயில் வடிக்கும் தட்டை வண்டிக்கு அடியில் தள்ளிக்கொண்டே.

ஆயிலை மாற்றி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கை கழுவ வீட்டுக்குப் போனேன். பின்வாசல் அறையில் சேறு படிந்த பூட்ஸ்கள் வரிசையாக நின்றன. மார்லிஸ், ஆர்விட்டின் மனைவி, துண்டோடு அங்கேயே காத்திருந்தார். நான் குழாயைத் திறந்ததும் கதவைச் சாத்தினார்.

"செத்துப் போச்சுன்னு சொல்லிடு."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன்.

"வண்டியத்தான் சொல்றேன். இனிமே சரி பண்ண முடியாதுன்னு சொல்லிடு. நீ சொன்னா நம்புவாரு. ஊர்லயே உன் பேச்சத்தான் நம்புவாரு."

"என்ன மார்லிஸ் இது?"

"அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் போறாரு. உள்ள ஏறி ஒக்காந்துக்கிட்டு, கதவச் சாத்திக்கிட்டு, அர மணி நேரம். நான் இங்க காபி போட்டு வச்சுக்கிட்டு அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு நிக்கணும். பொதைக்கிற வரைக்கும்தான்னு சொன்னாரு. பிப்ரவரில பூமி ஒறஞ்சு கல்லா கெடந்துச்சு, தெரியும்ல, மே மாசம்தான தோண்ட முடிஞ்சுது. மூணு மாசம் புள்ளைய கல்லறைத் தோட்டத்துக் கெடங்குல, குளுருல வச்சுட்டு இங்க இருந்தோம். அது வரைக்கும் வண்டி ஓடட்டும்னாரு. சரின்னேன். பொதச்சு வந்த மறுநாள் காலைலயும் சத்தம் கேக்குது."

துண்டை என்னிடம் தரவில்லை. தன் கையிலேயே முறுக்கிக்கொண்டிருந்தார்.

"உள்ள வந்தா என்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டாரு. பேச வேண்டியதெல்லாம் அங்கயே பேசிட்டு வந்துடுறாரு போல. நானும்தான பெத்தேன், வாண்டா. எனக்குப் போயி ஒக்கார ஒரு எடம் கெடையாது."

ஈரக் கையோடு நின்றேன். எனக்குப் பிள்ளை கிடையாது. புருஷன் இருந்தான், போய்விட்டான். அது வேறு கதை, அதில் அழ ஒன்றுமில்லை. வண்டியைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். மற்றதற்கு நான் லாயக்கில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. நான் செத்துவிட்டது என்று சொன்னால் அவர் நம்புவார், ஒரு வாரம். அப்புறம் ஒருநாள் சங்கிலியைக் கட்டி, வெட்டிக் கொடுக்கிற ஆளிடம் இழுத்துக்கொண்டு போவார். அவன் வெட்டிக் கொடுப்பான். அதன் பிறகு அடைப்பதற்கு ஒன்றும் இருக்காது. அவர் சாகிற வரைக்கும் தினமும் அரை மணி நேரம் அதில் உட்கார்ந்திருப்பார்.

"அது சாகல மார்லிஸ்" என்றேன். "ஓட்டணும். அவ்வளவுதான் அதுக்கு வேணும். முக்கா மணி நேரம் நெடுஞ்சாலைல மிதிச்சு ஓட்டினா எல்லாம் எரிஞ்சு போயிடும். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவ ஓட்டினாப் போதும். ஒக்காந்துக்கிட்டே இருந்தா மறுபடியும் அடைக்கும்."

"அவரு ஓட்ட மாட்டாரு."

"ஏன்?"

"சீட்ட நகத்தணுமே" என்றார் மார்லிஸ்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டாரின் ஆறடி நான்கு அங்குலம். எங்கள் ஊர்க் கூடைப்பந்துக் குழுவில் நடு ஆட்டக்காரன். அவன் கடைசியாக வைத்துவிட்டுப் போன இடத்தில் அந்தச் சீட் அப்படியே இருக்கிறது. அதனால்தான் ஓட்டி வர வேண்டாம் என்றார். அதனால்தான் விளிம்புக்கு நழுவி, கால் நுனியால் பிரேக்கைத் தொடுகிறார். நான் வேறு, முன்னால் இழுத்துக்கொள்ளலாமே என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

சமையலறை மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மார்லிஸ் காபியும் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட இனிப்புத் துண்டும் வைத்தார். யாரும் தொடவில்லை. பின்வாசல் அறையில் சொன்னதையே ஆர்விட்டிடமும் சொன்னேன், வெட்டுகிற ஆளைப் பற்றியும் சேர்த்து. மறைக்க ஒன்றுமில்லை என்று இருந்தால்தான் எனக்குப் பேச வரும்.

"நின்ன எடத்துலயே எரிக்கிறதுக்கு உன் மெஷின்ல வழி இருக்குன்னு சொல்றாங்களே" என்றார் ஆர்விட்.

"கரி பாதி இருந்தா செய்யலாம். இது வழியிற அளவுக்கு இருக்கு. காத்து ஓட்டம் இல்லாம எரிச்சா உள்ள இருக்கிற பீங்கான் வெடிச்சிடும், இல்ல கொட்டகை பத்திக்கும். ரெண்டையும் பாத்திருக்கேன். அதுவுமில்லாம அடுத்த வருஷம் இதே மேசைல இதே பேச்சு."

"அப்ப நீ ஓட்டு."

"நான் ஓட்டினாலும் சீட்ட நகத்தணும்."

அவர் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, அதற்குள் பார்த்துக்கொண்டு இருந்தார். "அப்படின்னா அது கெடக்கட்டும்" என்றார் கடைசியில். "ஸ்டார்ட் ஆகாட்டி ஆகாம கெடக்கட்டும். நான் சும்மா ஒக்காந்துக்கறேன்."

மார்லிஸ் எழுந்தார். கோபமாக எழுந்ததாகத் தெரியவில்லை. பின்வாசல் அறைக்குப் போய் பூட்ஸ் மாட்டுகிற சத்தம் கேட்டது, பிறகு கதவு. ஆர்விட்டும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எழுந்து ஓடிய வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

நாங்கள் கொட்டகைக்குப் போவதற்குள் மார்லிஸ் வண்டியில் ஏறியிருந்தார். ஆர்விட்டைவிடக் குள்ளம். அந்தப் பெரிய சீட்டில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தபோது ஸ்டியரிங் எங்கேயோ இருந்தது. இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, முன் கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மார்லிஸ், வேணாம்" என்றார் ஆர்விட்.

"பதினாலு மாசமா நீ ஒக்காந்திருக்க. நான் ஒரு நிமிஷம் ஒக்காந்துக்கறேன்."

ஒரு நிமிஷத்துக்கும் மேலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு இடது கையைக் கீழே விட்டுச் சீட்டின் பக்கவாட்டில் தடவிப் பொத்தானைத் தேடினார். மோட்டார் முனகியது. சீட் அங்குலம் அங்குலமாக முன்னால் வந்தது. பத்து விநாடி இருக்கும். ஆர்விட் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சத்தம் நின்றபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று இருந்தது.

"வர்றியா?" என்று மார்லிஸ் அவரைக் கேட்டார்.

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"வாண்டா, உன் மெஷின எடுத்துக்கிட்டு ஏறு."

கிழக்கே போனோம். மாலை ஆறு மணி. சரளைக் கல் சாலை முடிந்து நெடுஞ்சாலையில் ஏறியதும், வேகமாகப் போங்கள், தயங்காமல் மிதியுங்கள் என்றேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்பது வருஷம் கோதுமை லாரி ஓட்டிய கால் அது. முதல் பத்து மைல் வண்டிக்கு மூச்சுத் திணறியது. மேட்டில் ஏறும்போது பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. மடியில் ஸ்கேனரை வைத்து எண்களைப் படித்துக்கொண்டே வந்தேன். கரி நூற்றுப் பதினெட்டு சதவீதம். சூடு அறுநூறு, எழுநூற்றைம்பது, தொள்ளாயிரம். ஆயிரத்தைத் தாண்டியதும் கரியின் எண் முதல்முறையாக ஒன்று குறைந்தது. தீய்ந்த வாசனை லேசாக உள்ளே வந்தது.

"எரியுது" என்றேன்.

மார்லிஸ் இன்னும் அழுத்தி மிதித்தார். நூற்றுப் பத்து. நூற்று நான்கு. தொண்ணூற்றொன்று. இருபுறமும் இன்னும் விதைக்காத நிலம், பள்ளங்களில் உருகிய பனித் தண்ணீர், அதில் வாத்துக் கூட்டம். வண்டிக்கு இழுவை திரும்பிக்கொண்டிருந்தது. கால் வைத்தால் பாய்ந்தது.

"பதினாலு மாசத்துக் கரி மட்டும்தானா?" என்று திடீரென்று கேட்டார்.

"என்ன?"

"இதுக்குள்ள இருக்கிறது. அதுக்கு முன்னால அவன் ஓட்டினது?"

பொய் சொல்லியிருக்கலாம். இந்தக் கேள்வியை எந்த வாடிக்கையாளரும் என்னிடம் கேட்டதில்லை. "கொஞ்சம் இருக்கும்" என்றேன். "கடைசியா எப்ப எரிஞ்சுதோ அதுக்கப்புறம் அவன் ஓட்டினது. நூறு எறநூறு மைலாவது இருக்கும். அடியில அதுதான் மொதல்ல சேந்திருக்கும்."

ஸ்டியரிங்கில் அவர் விரல்கள் வெளுத்தன. வேகம் குறைந்தது.

"நிறுத்த முடியுமா இத?"

"பாதியில நிறுத்தினா ஃபில்டர் போயிடும் மார்லிஸ். உள்ளயே வெந்துடும்."

"நான்தான செத்துடுச்சுன்னு சொல்லச் சொன்னேன்" என்றார். "இப்ப என்னன்னா..." கண்ணீர் மோவாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு மறுபடி காலை அழுத்தினார். அறுபது. நாற்பத்தெட்டு. நான் சத்தமாகப் படிப்பதை நிறுத்திவிட்டேன். திரையைக் கவிழ்த்தும் வைத்தேன். எத்தனையாவது மைலில் அவனுடைய கரி போனது என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

பக்கத்து ஊர்த் தானியக் கிடங்கு வரை போய்த் திரும்பினோம். திரும்புகிற இடத்தில் திரையை நிமிர்த்திப் பார்த்தேன், இரண்டு சதவீதம். மஞ்சள் எழுத்து போயிருந்தது. முடிந்தது என்றேன். மார்லிஸ் தலையை அசைத்தார். வரும்போது சூரியன் நேரே முகத்தில் அடித்தது. கண்ணாடிக்கு மேலிருந்த வெயில் மறைப்பை இறக்கிவிட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டினார். பாதி வழியில், டாரின் குழந்தையாக இருந்தபோது இந்தச் சாலையில் தூங்க வைக்கவே வண்டியில் போட்டு ஓட்டுவோம் என்றார். நின்றால் விழித்துக்கொள்வானாம்.

நெடுஞ்சாலையை விட்டுக் காய்ந்துவிட்டிருந்த சரளைச் சாலைக்குத் திரும்பியபோது ஏழரை ஆகியிருக்கும். இங்கிருந்து பண்ணை வாசல் ஒரு மைல், நேர் கோடு. தூரத்தில் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் கருப்பாக ஏதோ நின்றது. முதலில் கன்றுக்குட்டி வேலியைத் தாண்டி வந்துவிட்டது என்று நினைத்தேன். கிட்டப் போகப் போக ஆளாக மாறியது. ஆர்விட். தொப்பி இல்லை, மேல்கோட்டு இல்லை. சூரியன் அவருக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து பார்க்க எங்கள் முன் கண்ணாடி முழுக்க வெயிலாக எரிந்துகொண்டிருந்திருக்கும். அவருக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒன்றும் தெரிந்திருக்காது. வேலை முடிகிற நேரத்தில், புழுதியைக் கிளப்பிக்கொண்டு, அந்தச் சாலையில் அந்த வண்டி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

மார்லிஸுக்கும் அது புரிந்துவிட்டது. "ஐயோ, நாங்கதான வர்றோம், அவன் இல்லயே" என்றார், மிக மெல்ல, அவரிடம் சொல்வது போல. காலை எடுத்துவிட்டார். வண்டி தானாகவே மெதுவாகி, கால் மைல் இருக்கும்போது சாலை நடுவிலேயே நின்றது. "என்னால அங்க போக முடியாது, வாண்டா. கதவத் தொறந்து நான் எப்படி எறங்குவேன்?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் வண்டி நன்றாகிவிட்டது என்பது மட்டும்தான்.

புழுதி எங்களைக் கடந்து முன்னால் போனது. அதற்கு அந்தப் பக்கம் ஆர்விட் ஒரு கையை நெற்றிமேல் வைத்துக்கொண்டு பார்த்தார். ஏன் நின்றுவிட்டது என்று புரியாதவர் போல ஓர் அடி முன்னால் வந்தார், பிறகு இன்னும் ஓர் அடி. அப்புறம் அந்தக் குள்ளமான மனிதர், எழுபத்தொரு வயதில், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, எங்களைப் பார்த்து ஓடி வர ஆரம்பித்தார்.